கண்ணாடிக்காரரின் பெஞ்சு

கிட்னி மாற்றிய பிறகு டாக்டர்கள் சொல்லியனுப்பிய விதிகளில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன். அந்த ஒன்றையும் மறதியில் மீறவில்லை. வாரம் ஒரு தரம் தலை சீவி, நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு, தெரிந்தே போய் மீறினேன். உறுப்பு மாற்றிக்கொண்டவர்கள் அப்புறம் எப்படி வாழ்கிறார்கள் என்று ஆபீசில் பலரும் கேட்கிறார்கள். ஆஸ்பத்திரியைப் பற்றி மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். என்னை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்த ஆளைப் பற்றியும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் திண்டிவனம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். எண்பதுகளின் தொடக்கத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் எங்களிடம் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டிய காலம். தலையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, ஸ்விட்ச் போர்டில் ஒரு துளையிலிருந்து கம்பியைப் பிடுங்கி இன்னொன்றில் செருகிக்கொண்டே இருப்போம். என் கணவர் தரணேந்திரனுக்கு விழுப்புரம் ஸ்டேஷனில் பார்சல் ஆபீஸ் வேலை. காலை பாசஞ்சரில் போய் மாலை பாசஞ்சரில் திரும்புவார். எங்களுடையது சமணக் குடும்பம். இந்தப் பக்கத்தில் நயினார் வீடு என்றால் தெரியும். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிப்போம், தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிப்போம். கோபப்பட்டால் கர்மம் வந்து ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான்.

கல்யாணமான மறுவருஷம் தலைவலி வந்தது. பின்மண்டையில், காலையில் கண் விழிக்கும்போதே இருக்கும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் கைராசிக்கார டாக்டர் ஒருவர் இருக்கிறார் என்று கூட வேலை செய்தவர்கள் சொன்னார்கள். பெயரை எழுத மாட்டேன். கறுப்பு ஃப்ரேமில் தடித்த கண்ணாடி போட்டிருப்பார் என்பதால் ஊரே அவரைக் கண்ணாடிக்காரர் என்றுதான் சொல்லும். போர்டில் பெயருக்குப் பின்னால் சில ஆங்கில எழுத்துகள். வாசலில் நீளமாக ஒரு பெஞ்சு. அதில் எப்போதும் இடம் கிடைக்காது.

"இன்னாமா வேலை பாக்கற?"

"எக்ஸ்சேஞ்சுல ஆபரேட்டருங்க."

"அப்ப கேக்கவே வேணாம். நாள் பூரா காதுல அத்த மாட்டிக்கினு இருந்தா தலை வலிக்காம இன்னா பண்ணும்?"

ஒரு ஊசி போட்டார். காகிதத்தில் மடித்து மாத்திரை கொடுத்தார். பஸ் ஸ்டாண்டைத் தாண்டுவதற்குள் வலி போய்விட்டது. அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. அப்புறம் வலி வந்தால் அவரிடம் போவது, வராமலிருக்க மாத்திரை வாங்கி வைத்துக்கொள்வது என்று சில வருஷங்கள் ஓடின. கடைசிக் காலத்தில் காலையும் மாலையும் மாத்திரை போட்டால்தான் ஸ்விட்ச் போர்டு முன்னால் உட்கார முடியும் என்கிற நிலை. அத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட அந்த மனிதர் என் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்ததில்லை. சிறுநீர் சோதனைக்கு அனுப்பியதில்லை. அவர் மேஜையில் ஒரு ஊசிப் பெட்டி, ஒரு டார்ச் லைட், அன்றைய தினசரி. அவ்வளவுதான்.

ஒரு கோடையில் காலைதோறும் வாந்தி வர ஆரம்பித்தது. குழந்தைக்காகக் காத்திருந்த வீடு. சொல்ல வேண்டுமா? எனக்கே கூச்சமும் சந்தோஷமுமாக இருந்தது. கண்ணாடிக்காரர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நல்ல சேதிதான் போல கீது. ஸ்வீட்டு எங்கமா?" என்றார். வாந்திக்கும் ஒரு ஊசி போட்டார். மறுநாள் என் கணவர் அவருக்கு அரைக் கிலோ ஜாங்கிரி வாங்கிப்போய்க் கொடுத்தார். அந்த ஜாங்கிரியை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

கால் வீங்கியது. கண்ணைச் சுற்றி ஊதியது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. விழுப்புரத்தில் நல்ல லேடி டாக்டர் ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டு, கணவர் என்னைத் தன்னோடு பாசஞ்சரில் கூட்டிப்போனார். அந்த அம்மா முதல் வேலையாக என் கையில் பட்டையைச் சுற்றினார். பாதரசம் ஏறி இறங்குவதைப் பார்த்தார். அடுத்த கையிலும் சுற்றினார். அப்புறம் சிறுநீர் கேட்டார். அதைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். பால் திரிந்ததுபோல அது வெள்ளையாகக் கட்டிக்கொண்டது.

"இந்த மாதிரி ஆகக் கூடாதும்மா," என்றார். "ரத்தத்தில இருக்க வேண்டிய சத்து கிட்னி வழியா ஒழுகுது. வாந்தி குழந்தையால இல்ல. உடம்புல கழிவு தேங்கினதால."

கணவர், "அப்ப குழந்தை?" என்று கேட்டார். அந்த அம்மா இல்லையென்று தலையசைத்தார்.

மெட்ராசில் பெரிய ஆஸ்பத்திரி. காத்திருக்கும் கூடத்தில் எங்கள் ஜில்லாக்காரர்கள் நிறையப் பேர். கிரியாட்டினின் என்ற சொல்லை அங்கேதான் கற்றுக்கொண்டேன். தசைகள் வேலை செய்யும்போது உண்டாகும் ஒரு கழிவு அது. கிட்னி நன்றாக இருந்தால் அதை வெளியே தள்ளிவிடும். கெட்டுப்போனால் ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும். எனக்கு எங்கேயோ ஏறியிருந்தது. வார்டில் காலை வணக்கத்துக்குப் பதிலாக, "உங்க கிரியாட்டினின் என்ன?" என்றுதான் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள்.

கிட்னி டாக்டர் நான் சாப்பிட்ட மாத்திரைகளைக் கேட்டார். கைப்பையில் ஒரு பொட்டலம் கிடந்தது. பிரித்துப் பார்த்தார். எத்தனை வருஷம், ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்டார். பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்:

"உங்களுக்கு முதல்லயே பிரஷர் இருந்திருக்கு. தலைவலி அதனால வந்தது. பிரஷரே கிட்னியைக் கெடுக்கும். வலிக்குப் போட்ட இந்த மாத்திரையும் கிட்னியைக் கெடுக்கும். ரெண்டு பக்கமும் அடி."

"அப்பவே பிரஷர் பாத்திருந்தா?"

பொட்டலத்தைத் திரும்ப மடித்தார். "இவ்வளவு சீக்கிரம் இங்க வந்திருக்க மாட்டீங்க," என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்து வந்த நாட்களைக் கழித்தேன். மணிக்கட்டில் இரண்டு ரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்தார்கள். அதில் விரல் வைத்தால் பூனை உறுமுவதுபோல அதிரும். அதில்தான் தடித்த ஊசிகளைக் குத்தி ரத்தத்தை வெளியே எடுத்து, இயந்திரத்தில் சுத்தம் செய்து திரும்ப உள்ளே அனுப்புவார்கள். டயாலிசிஸ் அதுதான். முடிந்தால் பிழிந்து போட்ட துணி மாதிரி இருக்கும். தண்ணீர் குடிக்க முடியாது. மே மாத மெட்ராசில் நாள் முழுவதற்கும் சின்ன டம்ளரில் அளந்து கொடுப்பார்கள். நாக்கு வறண்டு படுத்திருக்கும்போது ஜில்லென்ற மோரை நினைக்கவில்லை. கண்ணாடிக்காரருடைய கண்ணாடியை நினைத்தேன். அதைப் பிடுங்கிக் காலால் மிதிப்பதுபோல நினைத்தால் கொஞ்சம் தூக்கம் வந்தது.

அந்த வார்டில் எனக்குக் கிடைத்த ஆறுதல் ஒரு டெலிபோன். சாயங்காலம் லைன் ஓய்ந்திருக்கும் நேரம் பார்த்து, எங்கள் எக்ஸ்சேஞ்சுப் பெண்கள் யாராவது வார்டு போனுக்கு இணைத்து, "பத்மா எப்பிடி கீது? சாப்டுச்சா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார்கள். நர்ஸ் வந்து சொல்லும்போது அழுகை வரும். இலாகாவே சிகிச்சைச் செலவில் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டது. ஏற்காததற்கு என் நகைகள் போயின. அதையும் கண்ணாடிக்காரர் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

கிட்னி கொடுத்தது என் அக்கா ஜெயமதி. செஞ்சி போகிற வழியில் ஒரு கிராமத்தில் அவர்களுக்கு நிலம். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை போடுவார்கள். சோதனைகள் எல்லாம் பொருந்திவந்தபோது அத்தான் ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாராம். அக்கா, "கையெழுத்துப் போடறீங்களா, நானே போட்டுக்கினு போவட்டுமா?" என்று கேட்டிருக்கிறாள். போட்டுவிட்டார்.

வாங்கிக்கொள்பவரைவிடக் கொடுப்பவருக்குத்தான் வலி அதிகம். இது பலருக்குத் தெரியாது. எனக்கு அடிவயிற்றில் ஒரு வெட்டு. அக்காவுக்கு இடுப்பைச் சுற்றிப் பாதிவரை அறுத்து, ஒரு விலா எலும்பில் துண்டெடுத்து, அதற்கடியிலிருந்து எடுத்தார்கள். எனக்கு நினைவு திரும்பும்போது குழாய் வழியாகச் சிறுநீர் பையில் சொட்டிக்கொண்டிருந்தது. மாதக்கணக்கில் ஒரு சொட்டு போகாத எனக்கு! நர்ஸ் பையைத் தூக்கிக் காட்டினார். அதே நேரத்தில் பக்கத்துக் கட்டடத்தில் அக்கா இருமவும் முடியாமல், தலையணையை விலாவில் அழுத்திக்கொண்டு கிடந்தாள். முதல் தடவை சுவரைப் பிடித்து நடந்து என் கண்ணாடி ஜன்னலுக்கு வந்தவள், கையை வாயருகே கொண்டுபோய், சாப்பிட்டாயா என்று ஜாடையில் கேட்டாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் விளக்கமாகச் சொன்னார். உடம்பு தன்னுடையது அல்லாத எதையும் பகையாளியாக நினைத்துத் தாக்கும். அக்காவின் கிட்னியும் அதற்கு வெளியாள்தான். தாக்காமலிருக்க, உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே மாத்திரையால் மட்டுப்படுத்தி வைக்க வேண்டும். ஆயுள் முழுக்க. ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. எதிர்ப்புச் சக்தி மட்டுப்பட்டிருப்பதால் மற்றவர்களுக்கு மூன்று நாளில் போகும் காய்ச்சல் எனக்கு உயிராபத்தாகலாம். ஆகவே கொதித்த தண்ணீர், சமைத்த உணவு, தினம் எடை பார்ப்பது, சிறுநீரை அளப்பது.

"கூட்டத்துக்குப் போகாதீங்க. முக்கியமா நோயாளிங்க கூட்டத்துக்கு," என்றார்.

மாத்திரைகளோடு, அப்போது புதிதாக வந்திருந்த ஓர் எண்ணெய் மருந்தும் உண்டு. குழலில் உறிஞ்சி அளந்து, பாலில் கலந்து, கண்ணாடி டம்ளரில்தான் குடிக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளுமாம். குமட்டும். ராத்திரி வேளைக்குப் பொழுது சாய்ந்த பிறகு பால் குடிக்க வேண்டியிருந்தது. வாழ்நாளில் இருட்டிய பிறகு நான் எதையும் வாயில் வைத்ததில்லை. முதல் நாள் டம்ளரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கணவர் விளக்கைப் போட்டு, "மருந்துக்குத் தோஷமில்ல, குடி," என்றார். குடித்தேன். இந்த நோன்பையும் அந்த ஆள்தான் முறித்தார் என்று நினைத்துக்கொண்டு குடித்தேன்.

முகம் பூரி மாதிரி உப்பியது. கன்னத்திலும் மேலுதட்டிலும் முடி முளைத்தது. ஈறு தடித்தது. மருந்துகளின் குணம் அது. எக்ஸ்சேஞ்சுக்குத் திரும்பிய அன்று வாட்ச்மேன் என்னை யாரோ என்று நினைத்து நிறுத்தினார். பிழைத்து வந்தவர்களுக்கு உலகமே அழகாகத் தெரியும் என்று யாரோ சொன்னார்கள். எனக்கு அப்படி எதுவும் தெரியவில்லை. தினம் வேலைக்குப் போகும் வழியில், சந்து முனையில் பெஞ்சு நிறைய ஆட்கள் உட்கார்ந்திருப்பதுதான் தெரிந்தது.

சட்டப்படியே போகப் பார்த்தேன். போலீஸ் ஸ்டேஷனில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார்கள். ஏட்டையாவின் மாமியாருக்கு மூட்டுவலிக்கு கண்ணாடிக்காரரிடம்தான் ஊசி. மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதினேன். பதிவு பெற்ற டாக்டராக இருந்தால்தான் அவர்கள் விசாரிக்க முடியுமாம். இவர் பெயர் அவர்கள் பதிவேட்டிலேயே இல்லை. இவர் டாக்டரே இல்லை, ஆகவே டாக்டர்களைத் தண்டிக்கிறவர்கள் இவரைத் தண்டிக்க முடியாது. அதைப் படித்த அன்று நேராக அவரிடமே போனேன்.

முதலில் அடையாளம் தெரியவில்லை. பெயரைச் சொன்னதும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"உன் விதிம்மா அது. நான் இன்னா பண்ணேன்? வலின்னு வந்த. மாத்திர குடுத்தேன். வலி நின்னுதா இல்லியா?"

"நின்னுது."

"அப்பறம் இன்னா?"

சண்டை போடத்தான் போனேன். கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு வந்ததுதான் மிச்சம். வெளியே வந்தும் வீட்டுக்குப் போக மனசில்லை. காலியாக இருந்த பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்த பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, மூஞ்சி ஏன் இப்பிடி ஊதிக்கினு கீது?"

சொன்னேன். முதலிலிருந்து கடைசிவரை எல்லாவற்றையும் சொன்னேன். ஜாங்கிரியைக்கூட விடவில்லை. பெஞ்சு முழுக்க என் பக்கம் திரும்பிக் கேட்டது. அந்தப் பெண்ணும் தலைவலிக்குத்தான் வந்திருந்தாள். உள்ளே கூப்பிட்டபோது அவள் எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சந்தை விட்டே வெளியே போனாள்.

அந்த நடை எனக்கு எந்த மருந்தும் தராத சுகத்தைத் தந்தது.

அதிலிருந்து வாரா வாரம் போனேன். வார லீவு நாளில், கூட்டம் அதிகமிருக்கும் நேரமாகப் பார்த்துப் போவேன். வாயை முந்தானையால் மூடிக்கொள்வேன், ஆனால் பேச வேண்டுமே, எத்தனை நேரம் மூட முடியும்? என் முகமே விளம்பரம். யாராவது கேட்பார்கள். நான் சொல்வேன். அவர் உள்ளேயிருந்து வந்து கத்தினார். "பைத்தியம்! டி.பி. கேசு! கிட்ட ஒக்காராதீங்க!" என்றார். நான் எழுந்திருக்கவில்லை. "ஆமாங்க, பைத்தியந்தான். இவரு ஆக்குனதுதான்," என்றேன். சிரித்தார்கள். பெஞ்சில் இடம் காலியாகத் தொடங்கியது. திரும்பி வரும்போது பூ வாங்கி வைத்துக்கொள்வேன்.

கணவருக்குத் தெரிந்தபோது, "டாக்டர் இன்னா சொன்னாரு?" என்று மட்டும் கேட்டார். எனக்கு நன்றாக ஞாபகமிருந்தது. இருமுகிறவர்களும், மூக்கைச் சிந்துகிறவர்களும், காய்ச்சல் குழந்தையை மடியில் போட்டவர்களும் தோளோடு தோள் உட்காரும் பெஞ்சு அது. எனக்கு ஆகாத இடம் என்று ஒன்றை ஊரில் தேடினால் அதுதான். ஆனால் அவரைத் தொட எனக்கு வேறு இடம் இருக்கவில்லை.

ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்தது. மறுநாள் இருமல். அதற்கடுத்த நாள் மூச்சை முழுதாக இழுக்க முடியவில்லை. கணவர் வாடகைக் காரில் மெட்ராசுக்குக் கொண்டுபோனார். எக்ஸ்ரேயில் ஒரு பக்க நுரையீரலின் அடிப்பாகம் வெள்ளையாக இருந்தது. நிமோனியா.

அங்கேதான் இந்தச் சிகிச்சையின் கொடுமை புரிந்தது. கிருமியை எதிர்க்க வேண்டுமானால் மட்டுப்படுத்திய எதிர்ப்புச் சக்தியைக் கொஞ்சம் அவிழ்த்துவிட வேண்டும், மாத்திரையைக் குறைக்க வேண்டும். குறைத்தால் அது கிருமியோடு நிற்காது, அக்காவின் கிட்னி மேலும் பாயும். அப்படித்தான் பாய்ந்தது. மார்பு தெளியத் தெளிய கிரியாட்டினின் ஏறியது. வயிற்றில் கிட்னி இருந்த இடம் கல்லாகி வலித்தது. சிறுநீர் குறைந்தது. பழையபடி டயாலிசிஸ் அறையின் கதவு என் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது.

"எங்க போயிருந்தீங்க? யாருக்காவது உடம்பு சரியில்லாம இருந்துதா?" என்று டாக்டர் கேட்டார்.

சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். கோபப்பட்டிருந்தால் தேவலை. பேனாவை மூடிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

கோபப்பட அக்கா வந்தாள். கணவர் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். முகத்தில் துணி கட்டிக்கொண்டு கட்டிலருகே நின்றாள். அக்கா என்னைத் திட்டி நான் பார்த்ததே இல்லை.

"அங்க எதுக்குப் போன?"

"அவன் பொழப்பு கெடணும்க்கா."

"கெடட்டும். நல்லா கெடட்டும். அதுக்கு நீ இன்னாத்த எடுத்துக்கினு போன? என்னுத எடுத்துக்கினு போன. என்னக் கேட்டியா?"

நான் சுவரைப் பார்த்துத் திரும்பினேன்.

"இங்க பாரு பத்மா. களை வெட்டக் குனிஞ்சா இன்னிக்கும் இங்க இழுக்குது." விலாவைத் தொட்டுக் காட்டினாள். "மழ வந்தா குத்துது. அத்தான் கேட்டா வாயுன்னு சொல்லிக்கினு கீறேன். அத்த நீ அந்த நாத்தம் புடிச்ச பெஞ்சுல கொண்டுபோயி ஒக்கார வெச்சிகினு இருந்திருக்க."

அவள் அழவில்லை. என் போர்வையை நேராக இழுத்து விட்டாள். வெளியே போய் டீ வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்ப வந்து, பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள். ஊருக்குப் போகச் சொன்னாலும் போகவில்லை. மல்லாட்டை பிடுங்கும் நேரம். அத்தான் தனியாக ஆள் வைத்துப் பார்த்துக்கொண்டார்.

நெஞ்சு தெளிந்ததும் நரம்பு வழியாகப் பெரிய அளவில் ஸ்டீராய்டு ஏற்றினார்கள். ஏற்றுவதும் மறுநாள் ரத்தம் எடுத்துப் பார்ப்பதுமாகக் கழிந்தது. ஒரு காலை நர்ஸ் சிறுநீர்ப் பாத்திரத்தை அளந்துவிட்டு அக்காவைப் பார்த்துத் தலையாட்டினார். கிரியாட்டினின் இறங்கியது. முன்பிருந்த இடத்துக்குத் திரும்பவில்லை, கொஞ்சம் மேலேயே நின்றுவிட்டது. கிட்னியின் ஒரு பங்கு தழும்பாகிவிட்டது, அது மீளாது, மீதியைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். கண்ணாடிக்காரர் என் சொந்தக் கிட்னிகள் இரண்டையும் கெடுத்தார். அக்காவுடையதிலும் ஒரு பங்கு அவர் வாசலில் போயிற்று. இதை எழுதும்போதும் பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

வீட்டுக்குத் திரும்பிய அன்று அக்காவும் திண்டிவனத்தில் இறங்கினாள். எனக்கு மருந்தைக் கலந்து கொடுத்து, நான் குடித்து முடிக்கும்வரை நின்றாள். பிறகு டம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னாள்:

"நீ வூட்ட வுட்டு நகராத. நான் போறேன்."

"எங்க?"

"அந்தப் பெஞ்சுக்குத்தான்."

"உனக்கு எதுக்குக்கா? உனக்கு அவன் இன்னா பண்ணான்?"

"என் எலும்ப அறுத்தாங்களே, யாரால? எனக்கு ஒரு சளி புடிச்சா மூணு நாளு. உனக்கு அப்பிடியா? மார்க்கெட் கமிட்டிக்கு மல்லாட்ட போட வர்ற நாள்ல போயி ஒக்காந்துட்டு வர்றேன்."

"கர்மம் ஒட்டுமேக்கா."

"ஒட்டட்டும். பாதி எனக்கு."

மல்லாட்டை மூட்டையை மார்க்கெட் கமிட்டியில் இறக்கிவிட்டு, எடை போட்டு முடிவதற்குள் அக்கா சந்துக்குப் போய்விடுவாள். என்னைப்போல அவள் கதை சொல்வதில்லை. பக்கத்தில் இருப்பவர்களிடம், "பிரஷர் பாத்தாரா? மூத்திரம் டெஸ்ட் பண்ணாரா? கேளுங்க," என்பாள். ஏன் என்று கேட்கும் பெண்களிடம் மட்டும் ரவிக்கையை லேசாக ஏற்றி விலாத் தழும்பைக் காட்டுவாள். முதுகிலிருந்து வயிறுவரை ஓடும் அந்தத் தழும்புக்கு முன்னால் என் உப்பிய முகம் ஒன்றுமே இல்லை. அவர் வெளியே வந்து பைத்தியம் என்றால், "பைத்தியம் கேக்குதுன்னே வெச்சிக்கோங்க. பிரஷர் பாத்தீங்களா?" என்பாளாம். குரலை உயர்த்தவே மாட்டாளாம்.

ஜனங்கள் கேட்கத் தொடங்கினார்கள். வேறு வழியில்லாமல் அவர் ஒரு பிரஷர் கருவி வாங்கி மேஜையில் வைத்தார். அக்காவே முதல் ஆளாகக் கையை நீட்டினாள். அவர் பட்டையைச் சுற்றினார், பம்பை அமுக்கினார், பாதரசத்தைப் பார்த்தார், "நார்மல்," என்றார். ஸ்டெதாஸ்கோப் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. பின்னால் நின்ற கமிட்டி மூட்டைக்காரர் ஒருவர், "காதுல மாட்டாம எப்பிடி சார் கேக்கும்?" என்றார். அக்கா இதை எங்கள் வீட்டுக் கூடத்தில் நடித்துக் காட்டினாள். சிரித்துச் சிரித்து எனக்குத் தையல் போட்ட இடம் வலித்தது. விலாவைப் பிடித்துக்கொண்டு அவளும் சிரித்தாள்.

தை பிறப்பதற்குள் சந்தில் போர்டு இல்லை. பெஞ்சைக்கூட எடுத்துப் போய்விட்டார்கள். நான் டாக்டர் சொல்படி மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து, பூட்டிய கதவைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மனசு நிறைந்துவிடும் என்று நினைத்திருந்தேன். நிறையவில்லை. பூட்டு சின்னதாக இருந்தது.

சில வாரம் கழித்து ஒரு சாயங்காலம் கணவர் பாசஞ்சரிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார். விழுப்புரத்தில் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் அதே போர்டு. அதே எழுத்துகள். பெஞ்சு புதுசு. ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

எனக்குக் காதில் ரத்தம் ஏறுவது கேட்டது. இப்போது எனக்குப் பிரஷர் என்றால் தெரியும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். மறுநாள் கமிட்டி நாள் என்பதால் அக்கா எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தாள். முறத்தில் மல்லாட்டையைக் கொட்டி சொத்தை பொறுக்கிக்கொண்டிருந்தவள், நிமிரவே இல்லை.

"தம்பி, காத்தால வில்லுபுரம் பாசஞ்சர் எத்தினி மணிக்கு?" என்று என் கணவரைக் கேட்டாள்.

விடிந்ததும் என் மருந்தைப் பாலில் கலந்து குடித்து முடித்தேன். பிறகு அவளுக்கு இட்லி கட்டிக் கொடுத்தேன். நாள் முழுக்க உட்கார வேண்டியிருக்குமே என்று கொஞ்சம் அதிகமாகவே கட்டினேன்.